திருமழிசையில் ஒரு ஜெட் இன்ஜின்

மாதக்கணக்கில் பாடுபட்ட வேலைக்கு ஒரே நிமிஷத்தில் மார்க் போட்டுவிடுகிற தொழில், ஜெட் இன்ஜின் சோதனை. நாங்கள் செய்வது ஆளில்லா விமானங்களுக்கான குட்டி இன்ஜின்; கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்கலாம், அவ்வளவுதான் சைஸ். ராணுவ ஆராய்ச்சிக்காக அதைச் செய்துதரும் சின்னக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். திருமழிசை தொழிற்பேட்டையில் ஷெட். உள்ளே நடப்பதை வெளியே சொல்லக் கூடாது என்பது நிபந்தனை. இப்படிப்பட்ட வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டாம். மற்றவர்கள் கொஞ்சம் இரக்கத்தோடு படியுங்கள்.

பம்பு டெஸ்ட்

பல் டாக்டரின் மெஷினை லாரி சைஸுக்குப் பெரிதாக்கினால் என்ன சத்தம் வருமோ, அதுதான் எங்கள் இன்ஜினின் சத்தம். முதன்முறை அதை ஓட்டிய அன்று, ஷெட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டிருக்கும் முனுசாமி அண்ணனின் எருமைகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டன. ஒன்றைப் பிடிக்க அவர் ஹைவே வரை போக வேண்டியிருந்தது. வேர்க்க விறுவிறுக்க கேட்டில் வந்து நின்றார். "ஒண்ணுமில்லண்ணே, பம்பு டெஸ்ட் பண்றோம்" என்றேன். அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

பாவம், நியாயமான மனுஷன். அந்தப் பக்கம் சத்தத்தைத் தடுக்கச் சுவர் எழுப்பினோம். ஒவ்வொரு தடவை ஓட்டும் முன்பும் அவருக்குப் போன் செய்துவிடுவோம், எருமைகளைத் தள்ளிக் கட்டிவிடுவார். ஆனால் சந்தேகம் மட்டும் தீரவில்லை. ஒருநாள் காம்பவுண்டை எட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "பம்பு பம்புன்றீங்கோ, ஒரு சொட்டு தண்ணி வெளிய வந்து நான் பாத்ததில்லியே நைனா!"

பஸ்ஸில் ஒரு வாசனை

எங்கள் இன்ஜின் குடிக்கும் எரிபொருளுக்கு அச்சு அசல் மண்ணெண்ணெய் வாசம். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. பூந்தமல்லி பஸ்ஸில் உட்கார்ந்தால் பக்கத்து ஆள் எழுந்து போய்விடுவார். ஒரு சாயங்காலம் பூக்கூடையோடு ஏறிய ஓர் அம்மா மட்டும் போகவில்லை. மூக்கை உறிஞ்சினார், என் சட்டையைப் பார்த்தார், இன்னும் நெருங்கி உட்கார்ந்து ரகசியக் குரலில் கேட்டார்: "எந்தக் கடைல நைனா ஊத்தறாங்கோ? எங்க ரேஷன் கார்டுக்குக் குடுக்கறது நின்னு எம்மா நாளாச்சு!"

பெண் பார்க்கப் போன இடம்

அம்பத்தூரில் பெண் பார்க்கப் போனோம். கோவில்பட்டியிலிருந்து அப்பா, அம்மா வந்திருந்தார்கள். பெண்ணின் அப்பா பேங்க்கில் இருந்து ரிடையர் ஆனவர். "கம்பெனியில என்ன தயாரிக்கிறீங்க?" என்றார். "இன்ஜின்" என்றேன். "லாரிக்கா, காருக்கா?" "அதை வெளிய சொல்லக் கூடாதுங்க மாமா."

மாமா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அம்மா கேசரியைத் தொடாமல் என்னையே பார்த்தாள். இதோடு முடிந்தது கதை என்று நினைத்தபோது, மரியாதைக்காக எங்கள் இருவரையும் பால்கனியில் தனியாகப் பேசச் சொன்னார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்று என் மனைவியாக இருக்கும் திவ்யாதான் பேச்சை ஆரம்பித்தாள்: "எங்க ஐடி கம்பெனியிலயும் கிளையன்ட் பேரை வெளிய சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க. நாம சாப்பாட்டைப் பத்திப் பேசலாமா?"

பாதி பாஸ்

ரேவதி மேடம் எங்கள் சீனியர். இன்ஜினின் உயிர் அதற்குள் சுழலும் டர்பைன் சக்கரம். பழைய முறையில் வார்த்த சக்கரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. உலோகப் பொடியை லேசரில் உருக்கி, அடுக்கடுக்காகப் பிரின்ட் செய்த சக்கரத்தைப் போட்டால் இன்னும் அதிகச் சூட்டைத் தாங்கும், வேகமும் கூடும் என்று நம்பி, வருஷக்கணக்காக அதிலேயே கிடந்தார். அதைப் பார்க்க டெல்லியிலிருந்து ஒரு விஞ்ஞானி வந்தார். தலை முழுக்க நரைத்த தமிழர். திட்டம் தொடருமா என்பது அவர் கையில்.

அவர் முன்னால் இன்ஜினை ஓட்டினோம்; வேகம் ஏறும்போதே டமார் என்று ஒரு சத்தம். நாங்கள் தடித்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்ததால் யாருக்கும் அடியில்லை. முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. சூடு ஆறியதும் மேடம் உள்ளே போய், இன்ஜினைச் சுற்றிப் போட்டிருந்த எஃகு வளையத்தைக் கழற்றினார். தரையில் உட்கார்ந்து, அதற்குள் சிதறிக் கிடந்த சக்கரத் துண்டுகளை ஒரு ட்ரேயில் பொறுக்கினார். கண்ணைத் துடைக்கக் கை ஒழியவில்லை, தோள்பட்டையில் துடைத்துக்கொண்டார்.

அந்தப் பெரியவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல அவர் பக்கத்தில் குந்தினார். தானும் சில துண்டுகளை எடுத்துப் போட்டார். "ஒண்ணுகூட வெளிய தெறிக்கலியே, இந்த வளையம் யார் டிசைன்?" என்று கேட்டார். "நான்தான் சார்" என்றார் மேடம். பெரியவர் எழுந்துகொள்ள அவரிடமே கையை நீட்டினார்: "அப்ப பாதி பாஸும்மா. மீதிப் பாதியைப் பார்க்கத் திரும்ப வரேன்."

எது?

உலோக அடுக்குகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருந்ததுதான் வினை. சூட்டிலும் அழுத்தத்திலும் வைத்து அவற்றை மூடி, புதுச் சக்கரம் செய்தோம். பெரியவர் சொன்னபடி வந்தார். இன்ஜின் முழு வேகத்தில் ஓடியது. "இன்னும் கொஞ்சம் ஓட்டுங்க" என்றார், அதற்கும் ஓடியது. நிறுத்தியதும் கள்ளிக்குப்பத்து டில்லி விசிலடித்தான். டில்லி எங்கள் ஃபிட்டர்.

ரேவதி மேடத்தை மட்டும் காணோம். டீயை எடுத்துக்கொண்டு தேடிப் போனால், ஷெட் நிழலில் நின்று கணவருக்குப் போன் செய்துகொண்டிருந்தார். காது அடைத்திருந்ததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். "என்னங்க, ஓடிடுச்சு!" என்றார். இத்தனை வருஷமாக மனைவி எதற்காகச் சிரிக்கிறாள், எதற்காக அழுகிறாள் என்றே தெரியாத அந்த மனுஷர் பதறிப்போய், "எது?" என்றார். மேடம் சிரித்துக்கொண்டே அழுதார்: "எதுன்னு கேக்காதீங்க. சந்தோஷம் மட்டும் படுங்க."

ஊருக்கே கேட்கிற மாதிரி ஒரு வேலையைச் செய்துவிட்டு, அதைப் பற்றி ஒருவரிடமும் வாய் திறக்காமல் இருப்பதற்குத்தான் எங்களுக்கு மாதச் சம்பளம்.