சீட்டில் விழுந்த ரோல் நம்பர்

மாணவர்களுக்குப் படிப்பில் ஊக்கம் வரவைப்பது எப்படி என்று எங்கள் ராஜபாளையம் கல்லூரியில் ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். உளவியல் படித்த ஒருவர் வந்து பேசினார். மாணவனால் முடியும் என்று ஆசிரியர் நம்பினால் அவன் உண்மையிலேயே முன்னுக்கு வருவான் என்றார். மற்றவர்கள் வடையும் காபியும் முடிந்ததும் அதை மறந்துவிட்டார்கள். நான்தான் தலையில் ஏற்றிக்கொண்டேன். பெரிய புத்திசாலி என்று எனக்கு ஒரு நினைப்பு.

அடுத்த வாரம் இரண்டாம் ஆண்டு கணித வகுப்பில் ஒரு திறனறித் தேர்வு வைத்தேன். வாங்கிய தாள்களைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ரோல் நம்பர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி ஐந்தை எடுத்தேன். அந்த ஐந்து பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, "உனக்குக் கணக்குல அபார மூளைன்னு டெஸ்ட்ல வந்திருக்கு. வெளிய சொல்லாத" என்றேன்.

நான்கு பேர் சிரித்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி நம்பிவிட்டாள்.

கூமாப்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். கடைசி பெஞ்சில் வாயே திறக்காமல் இருந்தவள் மறுவாரமே முன்னால் வந்து உட்கார்ந்தாள். விடை வந்தால் போதும் என்றிருந்தவள், "இது ஏன் சார் இப்படி வருது?" என்று கேட்கத் தொடங்கினாள். பஸ்ஸில் நின்றபடி போட்ட கணக்குகளைக் கோணல்மாணல் எழுத்தில் கொண்டுவந்து காட்டுவாள். ஒரு நிரூபணத்தை என்னைவிடச் சுருக்கமாகப் போட்டபோது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, பொறாமைப்பட்டேன். கடைசி ஆண்டில் வகுப்பிலேயே அவள்தான் முதல். ஸ்டாஃப் ரூமில் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

அப்போதுதான் அவளுடைய அப்பா கல்லூரிக்கு வந்தார். விவசாயி. மூத்த மகன் ராணுவத்தில் இருந்தான். மகளைப் போலீஸ் வேலைக்கு அனுப்ப அவர் நினைத்திருக்க, அவளோ எம்.எஸ்சி. படித்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"டெஸ்ட்ல என்னமோ பெருசா வந்திருக்குன்னு சொல்லுதா சார். அந்தப் பேப்பர ஒரு தடவ காட்டுங்க. நெசம்னா எம்புட்டுக் கஷ்டம்னாலும் படிக்க வைக்கேன்."

அவருக்குப் பின்னால் அவள் முகமெல்லாம் சிரிப்பாக நின்றிருந்தாள்.

அவளுடைய மதிப்பெண் பட்டியலை எடுத்து நீட்டியிருந்தால் போதும். என் மேசை டிராயரிலேயே இருந்தது. ஆனால் பேப்பர் என்றதும் குலுக்கிய சீட்டுதான் என் நினைவுக்கு வந்தது. ஒன்றரை வருடம் பொய்யில் குளிர்காய்ந்தவனுக்கு அன்றைக்கென்று பார்த்து யோக்கியனாகத் தோன்றியது.

"அப்படிப் பேப்பர் எதுவும் இல்லைங்க. சீட்டுக் குலுக்கி எடுத்த நம்பர். ஊக்கமா படிக்கட்டுமேன்னு சும்மா சொன்னது."

அவர் கோபப்படவில்லை. "நெசத்தச் சொன்னீங்களே சார்" என்று கும்பிட்டார். "வா ஏட்டி, பஸ்ஸு போயிரும்."

"அப்ப அந்த மார்க்கெல்லாம்?" என்று அவள் என்னைக் கேட்டாள்.

"அது நீயா வாங்குனதும்மா" என்றேன். அவள் தலையாட்டினாள். நான் எதைச் சொன்னாலும் இனி நம்பமாட்டாள் என்பது அந்தத் தலையாட்டலிலேயே தெரிந்தது.

இந்த ஆடியில் ஸ்ரீவில்லிபுத்தூர் தேரோட்டத்தில், காக்கி உடுப்பில், கூட்டத்தைத் தடுக்கும் கயிற்றைப் பிடித்து நின்றிருந்தாள். அவளே என்னைக் கண்டுகொண்டு நலம் விசாரித்தாள்.

"இப்பவும் கணக்குப் போட்டுப் பாக்குறியாம்மா?" என்று கேட்டேன்.

கூட்டத்தின் மேலிருந்து கண்ணை எடுக்காமல் சாதாரணமாகத்தான் கேட்டாள்:

"இந்த வருசம் யாரு நம்பர் சார் விழுந்துச்சு?"