செல்லம் அக்கா ஊற்றிய ஒரு கேத்தல் தண்ணீர்

பேரின்பம் அண்ணன் போய்விட்டார் என்று கள்ளிச்செடி வளர்க்கும் நமது வாட்ஸ்அப் குழுவுக்குக் குரல்பதிவு வந்தபோது, செங்கலடியில் நான் வேலை செய்யும் மருந்துக் கடையில் ஒருவருக்குப் பிரஷர் குளிசை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை தவறிப்போய் மறுபடி எண்ணினேன். உங்களுக்கெல்லாம் அழுகை வந்திருக்கும். எனக்கு முதலில் வந்தது நிம்மதி. இனி அவருக்குத் தெரியவராது என்ற நிம்மதி. சீ, நானெல்லாம் ஒரு மனுசியா என்று அடுத்த நிமிடமே தோன்றியது. ஆனாலும் முதலில் வந்தது அதுதான்.

அவரை நான் முதலில் பார்க்கப் போனது ஒரு பெருமையோடு. மலைநாட்டுக்குச் சுற்றுலா போன இடத்தில் தெருவோரம் வாங்கிய சின்னக் கள்ளி, தலையில் சிவப்புப் பூ. பதுளை வீதியில் பஸ் ஓட்டியே காலம் கழித்தவர், ஒவ்வொரு பயணத்திலும் இரண்டு மூன்று கள்ளியாகத் தன்னாமுனை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "புள்ள, இது பூ இல்ல, கடதாசி. பசை போட்டு ஒட்டியிருக்கானுகள்" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவர் சிரிக்கவே இல்லை. ஒரு ஊசியை எடுத்துக்கொண்டு குந்தி, அரை மணித்தியாலம் அந்தப் பசையைக் கிளறி எடுத்தார். "பாவம், இதுக்கு எவ்வளவு நொந்திருக்கும்" என்று செடியிடம்தான் இரக்கப்பட்டார்.

வாவிக் காற்றின் ஈரத்திலும் மாரி மழையிலும் கள்ளி வளர்ப்பது விசர் வேலை என்று ஊரே சொன்னது. "கள்ளிக்கு நாம செய்யிற பெரிய உபகாரம் சும்மா இருக்கிறதுதான்" என்பார் அவர். இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். தாய்ச்செடி ஒருமுறையாவது பூக்காமல் பக்கத்தில் முளைக்கும் குட்டியைப் பிரிக்கக் கூடாது. பூத்த பிறகு தன் கையாலேயே பிரித்து, வெட்டு வாய் அழுகாமலிருக்கக் கறுவாப்பட்டைத் தூள் தடவி, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுப்பார். பிரித்த இடம் காயுமட்டும் தாய்க்கும் தண்ணீர் காட்டமாட்டார்.

விதையிலிருந்து ஆறு வருடம் வளர்த்த அந்த மமிலேரியாக் கள்ளியை உங்களுக்கு நினைவிருக்கும். வெள்ளைப் பஞ்சு போர்த்தியது. அதில் முதல் மொட்டுகள் ஊசித்தலை அளவில் தெரிந்ததும், அடுத்த ஞாயிறு எல்லோரும் பார்க்க வாருங்கள் என்று குழுவில் போட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. நாலு நாள் முன்னமே போனேன். அண்ணன் தேத்தண்ணி சொல்ல உள்ளே போன நேரத்தில், சுவர்ப்பக்கமிருந்த குட்டி ஒன்றை முறுக்கி எடுத்துக் கைப்பைக்குள் போட்டேன். பத்து நாள் பொறுத்துக் கேட்டிருந்தால் தந்திருப்பார். கறுவாத்தூள் தடவினால் தெரிந்துவிடும் என்று தாய்ச்செடியின் காயத்தை அப்படியே விட்டேன். அன்று பின்னேரம் அவர் மனைவி செல்லம் அக்கா, வழக்கம்போலக் கேத்தலால் செடிச் சாடிகளுக்கெல்லாம் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்.

ஞாயிறு நாம் போனபோது அது ஒரு பக்கம் சரிந்து, தொட்டால் விரல் புதையும் அளவுக்கு அழுகிக் கிடந்தது. அண்ணன் கத்தியதை அன்றுதான் கேட்டேன். "நீதான் தண்ணி ஊத்திச் சாகடிச்சுப்போட்டாய். இனி இந்தச் சாடியள் பக்கம் வரப்படாது!" செல்லம் அக்கா, "ஒரு கேத்தல்தானே ஊத்தின நான்" என்று மட்டும் சொன்னார். நான் அழுகல் சாடியைக் குனிந்து பார்த்து, பெரிய ஆள் மாதிரி, "தண்ணி கூடினா இப்பிடித்தான்" என்றேன். என்னவொரு வாய் எனக்கு!

இரண்டு வருடம் செல்லம் அக்கா கேத்தலோடு முற்றத்துக்கு வரவில்லை. என் குட்டி வளர்ந்து பூத்தது. வாங்கியதென்று சொல்லிப் படம் போட்டேன். அண்ணன் பதில் அனுப்பினார்: "நம்மட செத்ததுட சாதிதான் புள்ள. கண்ணுக்குள்ள வச்சுப் பார்." அந்தக் குரல்பதிவை இரண்டாம் தடவை கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

எட்டாம் நாள் செத்தவீட்டில் செல்லம் அக்கா என் கையைப் பிடித்தார். "சாடியள் எல்லாத்தையும் நீயே கொண்டு போ புள்ள. நான் தொட்டா அழுகிரும்." அந்த மனுசி இரண்டு வருடமாக அதை நம்பிக்கொண்டே இருந்திருக்கிறார். அடுப்படிக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுகொண்டுதான் சொன்னேன். அவர் அழவில்லை. 

"அவர் இருக்கக்குள்ள சொல்லியிருக்கலாமே" என்றார். பிறகு, "எனக்கிட்டச் சொல்லி என்ன புள்ள? அண்டைக்கு அவர் என்னை ஏசக்குள்ள எல்லாரும் நிண்டவங்க. அவங்களுக்குச் சொல்லு."

அதனால்தான் இதை எழுதுகிறேன். பேரின்பம் அண்ணன் தன் கையால் பிரித்துத் தந்த குட்டிகள் உங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கின்றன. அவர் நினைவாக என்னிடம் மிஞ்சியிருப்பது அவர் தராத ஒன்று. அன்று முற்றத்தில் நின்ற எல்லோரும் கேளுங்கள்: அந்தச் செடியைக் கொன்றது நான். செல்லம் அக்கா அல்ல.