மதினியின் பிடி

“நாய் நல்லா ஓடிச்சுட்டி. என்னா ஓட்டம்!” மதினி அன்று போனில் எடுத்த எடுப்பில் சொன்னது இதுதான். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பிறகுதான் விஷயம் வந்தது. முந்தின நாள் மலையில் சின்னக்கானல் மைதானத்தில் தேயிலை எஸ்டேட் பெண்களுக்குக் கயிறு இழுக்கும் போட்டி. எங்கள் பக்கம் வடம்வலி என்போம். மதினி, அதாவது என் பெரிய அண்ணனின் மனைவி, எங்கள் டிவிஷன் அணியில் கடைசி ஆள். கயிற்றின் முனையை உடம்பில் சுற்றிக்கொண்டு, முன்னால் நிற்கும் ஆறு பேரையும் தாங்குகிறவர். அன்று ஜெயித்ததும் அவர்கள்தான். ஆனால் நேரலையில் பார்த்த சனங்களுக்குத் தெரிந்தது, ஆட்டம் சூடுபிடித்த நேரத்தில் ஒரு செவலை நாய் மைதானத்து ஓரமாக டீக்கடைப் பக்கம் ஓடியது மட்டும்தான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மதினியின் மகள், கூட வேலை பார்க்கும் பெண்களையெல்லாம் கூட்டி உட்காரவைத்து, கடைசியில் அந்த நாயைத்தான் காட்டியிருக்கிறாள். “உங்க மிசினுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?” என்று மதினி கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. அந்த மிஷின் இருக்கும் ஆபீசில்தான் எனக்கு வேலை.

எறணாகுளத்தில் குளிர்ந்து கிடக்கும் ஓர் அறை அது. மைதானத்தில் ஒரு கம்பம் நிற்கும், உச்சியில் கேமரா இருக்கும், பக்கத்தில் ஆள் இருக்கமாட்டார். படம் எங்களிடம் வந்து சேரும். எதைக் காட்டுவது, எப்போது கிட்டே போவது, எப்போது விளம்பரம் போடுவது என்பதையெல்லாம் கம்ப்யூட்டரே முடிவு செய்துவிடும். என்னைப் போல ஒருத்தி, நாலைந்து மைதானங்களை ஒன்றாக மேற்பார்வை பார்த்தால் போதும். கால்பந்துக்கும் வாலிபாலுக்கும் அது கெட்டிக்காரத்தனமாகவே வேலை செய்யும், பொய் சொல்லக்கூடாது. ஆனால் அதற்குத் தெரிந்த சங்கதி ஒன்றே ஒன்று: எங்கே அசைவு இருக்கிறதோ அங்கேதான் ஆட்டம். அசைவு நின்றால் ஆட்டம் முடிந்தது என்று கணக்குப் போட்டு, வேறு எங்கே எது அசைகிறது என்று தேடப் போய்விடும். மதினியின் ஆட்டம் அன்று என் ஷிப்டில் வரவில்லை. வந்திருந்தால் அந்த நாய்க்கு அத்தனை பேர் கிடைத்திருக்காது.

மதினி அணியின் பலமே அசையாமல் நிற்பதுதான். அதற்குப் பிடி என்று பேர். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அதைப் பார்த்து நெஞ்சு படபடக்க நின்றிருக்கிறேன். விசில் அடித்ததும் ஏழு பேரும் பின்பக்கம் சாய்ந்து, முதுகு மண்ணைத் தொடுமோ என்னும் அளவுக்குத் தாழ்ந்துவிடுவார்கள். குதிகால் மண்ணுக்குள் புதையும். பிறகு இழுக்கவே மாட்டார்கள். எதிரணி இழுக்கும், உலுக்கும், மூச்சு முட்டும். இவர்கள் அப்படியே கிடப்பார்கள். சரிவில் கூடையோடு நின்று கொழுந்து பறித்த கால்கள். அவற்றுக்கு நிற்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. கயிறு மட்டும் முறுக்கேறி முனகும். மதினியின் கழுத்து நரம்பு புடைத்து நிற்கும், கண் மட்டும் எதிரணியில் முன்னால் நிற்கும் பெண்ணின் பாதத்திலேயே இருக்கும். அந்தப் பாதம் கொஞ்சம் நகர்ந்தால் போதும், “ஏய்!” என்று ஒரு சத்தம் கொடுப்பார், அதோடு கதை முடிந்துவிடும். அந்தச் சத்தத்துக்கு முந்தின நேரம்தான் ஆட்டம். கம்ப்யூட்டருக்கு அது ஒன்றுமில்லாத நேரம்.

நாய் ஓடிய அந்தப் போட்டிக்குப் பிறகு கமிட்டிக்காரர்கள் மதினியின் லயத்து வீட்டு வாசலுக்கே வந்தார்கள். பெண்கள் வடம்வலியை நேரலையில் யாரும் பார்ப்பதில்லை, அடுத்த வருடம் பெண்களுக்கு எலுமிச்சம்பழமும் கரண்டியும் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். “பாக்கறதுக்கு ஒண்ணுமில்லையேக்கா” என்றாராம் ஒருவர். “உங்க வீட்டு ஆம்பளையள எதுத்தாப்புல நிப்பாட்டு, பாக்கறதுக்கு இருக்கா இல்லையான்னு அப்பத் தெரியும்” என்று மதினி சொல்லியிருக்கிறார். எங்கள் ஆபீசிலிருந்தும் ஒரு யோசனை போயிற்று: பெண்கள் கொஞ்சம் விட்டு விட்டு இழுத்தால், அங்கே இங்கே நகர்ந்தால், கேமரா அவர்களை விடாதாம். அதை நான்தான் போனில் சொல்ல வேண்டியிருந்தது. மறுமுனையில் ஒரு சிரிப்பு. “ஏட்டி, நாங்க இழுக்க வர்றோம். குதிச்சுக் காமிக்கணும்னா குரங்காட்டியக் கூப்பிடச் சொல்லு.” இத்தனை வருடம் உயிரைக் கொடுத்துப் பிடித்த கயிற்றை, கரண்டிக்காக விடுவதாவது! சண்டை போட்டுப் போட்டு இன்னும் ஒரே ஒரு வருடம் என்று வாங்கினார்கள். அந்தத் தடவையும் சனம் பார்க்கவில்லை என்றால் எலுமிச்சம்பழம்தான்.

நான் கேட்டு வாங்கி அந்த ஷிப்டில் உட்கார்ந்தேன். கேமராவைக் கையால் இயக்க ஒரு குச்சி மேஜையில் உண்டு. கம்ப்யூட்டர் பழுதானாலொழிய அதைத் தொடக்கூடாது என்பது மேலதிகாரியின் உத்தரவு. இறுதி ஆட்டம். எதிரே பக்கத்து எஸ்டேட்டின் இளம்பெண்கள், எல்லாம் கட்டுமஸ்தான பிள்ளைகள். விசில் அடித்தது. மதினி சாய்ந்தார், ஏழு பேரும் தாழ்ந்தார்கள், கயிறு அசைவற்றது. உடனே படம் மெல்ல நகரத் தொடங்கியது. வேலியோரம் ஒரு குழந்தை பலூனை ஆட்டிக்கொண்டிருந்தது. எனக்கு வந்ததே கோபம்! குச்சியைப் பிடித்துத் திருப்பினேன். மண்ணில் புதைந்த குதிகால்களைக் காட்டினேன். தோலுரிந்த கைகளைக் காட்டினேன். மதினியின் முகத்துக்குக் கிட்டே போய் அங்கேயே நின்றுவிட்டேன். மேலதிகாரி வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார், விடு என்றார். நான் விடவில்லை. ஒரு பாதம் நகர்ந்தது. “ஏய்!” என்ற சத்தம் எங்கள் அறை முழுக்கக் கேட்டது. எதிரணி மொத்தமும் இழுபட்டு வந்து விழுந்தது.

ஒன்றுமே நடக்காத இடத்தை எதற்கு அவ்வளவு நேரம் காட்டினாய் என்று மேலதிகாரி மலையாளத்தில் கேட்டார். ஏழு பெண்கள் இன்னும் ஏழு பேரை நகரவிடாமல் நிறுத்தியிருக்கிறார்கள், அது உங்களுக்கு ஒன்றுமில்லையா என்று நானும் மலையாளத்திலேயே கேட்டேன். போடியிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் சனம் எழுதித் தள்ளியது, பெண்களின் ஆட்டத்தை இன்னொரு தடவை போடச் சொல்லி. எலுமிச்சம்பழப் பேச்சைக் கமிட்டி அதற்குப் பிறகு எடுக்கவில்லை. என்னை மட்டும் நேரலையிலிருந்து தூக்கி, பழைய பதிவுகளுக்குப் பேர் ஒட்டும் வேலையில் போட்டார்கள். போடட்டும், எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

இப்போது மறுபடி போட்டி வருகிறது. கேமராவும் அதேதான், அதற்கு இன்னும் யாரும் புத்தி சொல்லவில்லை. நேற்று மதினியிடம், இந்தத் தடவை நான் அந்த நாற்காலியில் இருக்கமாட்டேன், நீங்கள் பிடித்ததும் அது வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும் என்று மனசு கேட்காமல் சொன்னேன். அந்தப் பக்கம் அடுப்பில் ஏதோ தாளிக்கும் சத்தம் கேட்டது.

“திரும்பட்டும்டி” என்றார் மதினி. “எங்க வேணா சுத்திட்டு வரட்டும். வர்றப்பவும் நாங்க அங்கனயேதான் நிப்போம்.”