அம்மா போட்டு வைத்த நாலு சீட்டு

கண்ணுகளா, சித்தப்பா வீட்டில் நீங்கள் ரெண்டு பேரும் பாங்காக் கதையைச் சொல்லும்போதெல்லாம் எல்லாரும் வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள். அம்மாவும் சிரிக்கிறாள். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். போன வாரம் சின்னவன், "அப்பாவுக்கு மூஞ்சியே செத்துப் போச்சு" என்று நடித்துக் காட்டினான். நடிப்பு சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மூஞ்சிக்குள் என்ன ஓடியது என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வாயால் சொல்ல எனக்கு வராது. பத்தாவதோடு நின்றவன், எழுதினால் தப்பு இருக்கும். பெரியவளே, நீ சிவப்பு மையில் திருத்த வேண்டாம் சாமி. படித்தால் போதும்.

மல்லசமுத்திரத்தில் நம்ம டயர் கடையில் அந்த வருசம் வியாபாரம் நன்றாக ஓடியது. அதற்காகக் கம்பெனிக்காரர்கள் பாங்காக் டூர் கொடுத்தார்கள். மற்ற கடைக்காரர்கள் எல்லாம் குடும்பத்தை விட்டுவிட்டுக் கூட்டாளிகளோடு கிளம்பினார்கள். நான் குடும்பத்தோடு வருகிறேன் என்று சொன்னதும் பக்கத்துக் கடை அண்ணன், "பாங்காக்குக்குப் பொண்டாட்டி புள்ளைங்களோட போற மொத ஆளு நீதானப்பா. திருப்பதிக்குன்னு நெனச்சுட்டயா?" என்றார். கடையில் இருந்த லாரிக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கு உங்களை விட்டுவிட்டுப் போக மனசில்லை, அவ்வளவுதான்.

கிளம்பின நாளிலிருந்தே எனக்குப் பயம். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நாலு பாஸ்போர்ட்டையும் ஒரு துணிப் பையில் போட்டு, சட்டைக்குள் வயிற்றில் கட்டிக்கொண்டேன். தூங்கும்போதும் அவிழ்க்கவில்லை. நீங்கள், "அப்பாவுக்குத் தொப்பை பெருசாயிருச்சு" என்று கேலி செய்தீர்கள். அந்த ஊரில் யார் என்னைப் பார்த்தாலும் என் கை வயிற்றுக்குப் போகும்.

சாப்பாடு இன்னொரு பயம். எதில் என்ன கறி கிடக்கிறதோ என்று சட்டியைப் பார்த்தாலே தள்ளி நின்றுகொள்வேன். காலையில் ஓட்டலில் முட்டை பொரித்து வைத்திருந்தார்கள். நாமக்கல் ஜில்லாக்காரனுக்கு முட்டையாவது ஒத்துக்கொள்ளும் என்று எடுத்தேன். அதன் மேல் ஊற்றியிருந்த தண்ணிக் குழம்பில் மீன் வாடை அடித்தது. வழித்துவிட்டு வெள்ளையை மட்டும் தின்றேன். தள்ளுவண்டியில் வெட்டுக்கிளியைப் பொரித்துக் குவித்து வைத்திருந்ததைப் பார்த்துச் சின்னவன் தனக்கும் ஒன்று வேண்டும் என்றான். "அதைத் தின்ன வாயோட ஊட்டுக்குள்ள காலு வெச்சயின்னா பாரு" என்றாள் அம்மா. மாம்பழத்தைச் சோற்றோடு வைத்துத் தேங்காய்ப்பால் ஊற்றிக் கொடுத்ததை அவள் வாங்கவே பயந்தாள். கடைசியில் தட்டை வழித்து நக்கியது அவள்தான். கொய்யாக்காயை வெட்டி உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்னக் கொடுத்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. நம்ம பள்ளிக்கூட வாசலில் விற்கிற அதே ருசி.

பார்த்தது நிறைய. கடை வாசல்தோறும் கம்பத்தின் மேல் சின்ன வீடு மாதிரி ஒரு கோயில். உள்ளே இருக்கிற சாமிக்கு முன்னால் சிவப்புக் கலர் பாட்டிலை, ஸ்ட்ரா போட்டே வைத்திருந்தார்கள். அம்மா ஒவ்வொன்றுக்கும் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "சாமி தலையைத் தூக்கிக் குடிக்கச் சிரமப்படுமின்னு கொழாயும் குடுத்திருக்கறாங்க பாருங்க. நம்ம ஊருல இப்படி யாருக்குத் தோணுச்சு?" என்றாள்.

மூன்றாம் நாள் காலை டூர் கைடு எங்களை எங்கள் இஷ்டத்துக்கு விட்டார். மற்றவர்கள் கடைவீதிக்குப் போனார்கள். சின்னவனுக்கு மேலே பாலத்தில் ஓடுகிற ரயிலில் போக வேண்டும். ஆற்றங்கரைக் கோயிலுக்கு அதிலேயே போகலாம் என்று பெரியவள் செல்லில் பார்த்துச் சொன்னாள். உள்ளே நுழைய ஆளுக்கொரு கார்டு கொடுத்தார்கள். தொலைத்துவிடுவீர்கள் என்று, கேட்டைத் தாண்டியதும் நாலையும் வாங்கி என் வயிற்றுப் பைக்குள் போட்டேன். அம்மாவின் செல்லை ஊரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தோம். எல்லாரும் ஒன்றாகத்தானே இருக்கப் போகிறோம் என்ற நினைப்பு.

உங்கள் அம்மா பஸ் ஏறுகிற விதம் உங்களுக்குத் தெரியும். திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டில் வண்டி நிற்பதற்குள் ஏறிவிடுவாள். ஒரு சீட்டில் துண்டு, ஒன்றில் பை, ஒன்றில் வாட்டர் பாட்டில், ஒன்றில் அவள். யார் கேட்டாலும் "ஆள் வருதுங்க" என்பாள். நாம் பொறுமையாக ஏறிப் போய் உட்காருவோம். கல்யாணமான நாளிலிருந்து நான் பஸ்ஸில் நின்றுகொண்டு போனதே இல்லை.

ரயில் வந்தது. கைடு முதல் நாளே சொல்லியிருந்தார், கோட்டுக்குப் பின்னால் வரிசையாக நில்லுங்கள், இறங்குகிறவர்களை இறங்க விடுங்கள், முட்டி மோத வேண்டாம் என்று. நான் உங்கள் இருவரையும் கையைப் பிடித்துக் கோட்டுக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருந்தேன். அம்மா இல்லை. கதவு திறந்ததும் பையும் துண்டுமாக இறங்குகிறவர்களுக்கு இடையில் புகுந்து போய்விட்டாள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். துண்டை வீசிப் பையை வைத்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். டிக் டிக் என்று சத்தம் வந்தது. அது என்ன சத்தம் என்று நான் யோசிப்பதற்குள் கதவு மூடிக்கொண்டது. நான் கண்ணாடியில் தட்டினேன். அம்மா திரும்பிப் பார்த்து, 'வாங்க வாங்க' என்று கையைக் காட்டினாள். கதவு மூடியது அவளுக்குத் தெரியவில்லை. அப்படியே ரயில் போய்விட்டது.

அதற்கப்புறம் என் காதில் எதுவும் விழவில்லை. அவளிடம் செல் இல்லை, பாஸ்போர்ட் இல்லை, கார்டு இல்லை, அந்த ஊர்ப் பணம் ஒரு நோட்டு இல்லை. எல்லாம் என் வயிற்றில் கட்டியிருந்தது. தங்கியிருந்த ஓட்டல் பெயர் எனக்கே வாயில் நுழையாது. அவள் யாரிடம் என்ன சொல்லிக் கேட்பாள்?

"அம்மா அடுத்த ஸ்டாப்புல எறங்கி நிக்கும்ப்பா" என்றாள் பெரியவள்.

"அம்மா எறங்காது. சீட்டு புடிச்சிருக்குதல்ல" என்றான் சின்னவன்.

"டேய், வெளையாட்டா இருக்குதா உனக்கு?"

"நான் எங்கக்கா வெளையாடறேன்?" என்றான்.

அடுத்த ரயிலில் ஏறி அடுத்த நிலையத்தில் இறங்கினோம். அவள் இல்லை. ஒவ்வொரு தூணுக்குப் பின்னாலும் போய்ப் பார்த்தேன். சேலை கட்டின ஒருத்தி தூணுக்குப் பின்னால் எதற்கு நிற்கப் போகிறாள்? ஆனாலும் பார்த்தேன். எதிர்ப்பக்கம் ஒரு ரயில் திரும்பிப் போனது. நாம் நின்ற இடத்துக்கே அவள் அதில் திரும்பிப் போயிருந்தால்? உங்களை இங்கே நிற்க வைத்துவிட்டு நான் மட்டும் ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று படிக்கட்டுக்குத் திரும்பினேன். பெரியவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்ப்பா. இனி ஒருத்தரை ஒருத்தர் பிரியக் கூடாது. கார்டு இல்லாம அம்மா வெளிய போக முடியாது. உள்ளதான் எங்கயோ இருக்கும்."

அது நல்ல யோசனை என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு உங்கள் அம்மா கேட்டுக்கு முன்னால் நின்று திறக்கத் தெரியாமல் தவிக்கிற மாதிரிதான் கண்ணில் வந்தது.

அங்கே ஒரு காவலாளி நின்றிருந்தார், சின்ன வயசு. பெரியவள் செல்லில் இங்கிலீஷில் பேச, அது அவர் பாஷையில் பேசியது. அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்த ஊரில் எதற்கும் சிரித்த முகமாகத்தான் இருக்கிறார்கள். புரிந்து சிரிக்கிறாரா, புரியாமல் சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. போட்டோ இருக்கிறதா என்று கேட்டார். காலையில் ஓட்டல் வாசலில் எடுத்தது இருந்தது. மாம்பழக் கலர் சேலை, தோளில் பச்சைக் கரை போட்ட துண்டு. அவர் அதைத் தன் செல்லில் வாங்கிக்கொண்டு, வாக்கிடாக்கியில் நீளமாக ஏதோ பேசினார்.

காத்திருந்தோம். ஒவ்வொரு ரயிலாக வந்து கதவு திறந்து மூடியது. சேலையே இல்லாத ஊர். ஒவ்வொரு கதவிலும் நான் சேலையைத் தேடினேன். மல்லசமுத்திரத்துக்கு அவள் இல்லாமல் போய் இறங்குகிற மாதிரி நினைப்பு வந்தது. பக்கத்துக் கடை அண்ணனுக்கு என்ன பதில் சொல்வேன் என்றுகூடத் தோன்றியது. அந்த நேரத்தில் அப்படித் தோன்றியதே என்று இப்போது கூசுகிறது. சின்னவன் என் கையை விடவில்லை. அவன் உள்ளங்கை ஈரமா, என்னுடையதா, தெரியவில்லை.

காவலாளியின் செல் அடித்தது. கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினார்.

"ஏனுங்க" என்றாள் அம்மா.

"எங்க இருக்கற?"

"ரயில்லதான். எல்லாரும் எறங்கிட்டாங்க. ஒரு புள்ள வந்து என்னையும் எறங்கச் சொல்லுது. நான் மாட்டேன்னுட்டேன். நாலு சீட்டு போட்டு வெச்சிருக்கறேன். நீங்க எந்த ஸ்டாப்புல ஏறுவீங்க?"

பெரியவள் என் கையிலிருந்து செல்லை வாங்கினாள். "அம்மா, எறங்கும்மா. அந்தக்கா கூடவே நில்லு. நாங்க வாரோம்."

"சீட்டு போயிரும் கண்ணு."

"போகட்டும்மா."

அவள் இருந்த கடைசி நிலையம் வரைக்கும் நான் உட்காரவே இல்லை. இடம் இருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றேன். போய் இறங்கினால், பிளாட்பாரத்துப் பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் துண்டு விரித்திருந்தது. இன்னொரு பக்கம் பை. பக்கத்தில் யூனிபார்ம் போட்ட ஒரு பெண் நின்றுகொண்டு, அம்மா கொண்டுவந்திருந்த நம்ம ஆட்டையாம்பட்டி முறுக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அம்மா எழுந்திருக்கவில்லை. துண்டை எடுத்தாள், பையை எடுத்து மடியில் வைத்தாள். "உக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தோம். அவள் முந்தானை நுனியைக் கையில் சுருட்டி வைத்திருந்தாள். அது பிழிந்த துணி மாதிரி ஈரமாக இருந்தது. நான் அவளுடைய கார்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"கடைசி ஸ்டாப் வரைக்கும் சீட்டை உடலயேம்மா நீ" என்றான் சின்னவன். அப்போதுதான் நீங்கள் முதலில் சிரித்தது. கதை இதோடு முடிந்துவிடும், நீங்கள் சொல்லும்போது.

சாயங்காலம் ஆற்றில் படகில் போனோம் இல்லையா? நீங்கள் முன்னால் போய் நின்று கோபுரத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தீர்கள். அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மொத ஸ்டாப்புலயே எறங்கலாம்னுதான் எந்திரிச்சனுங்க. எறங்கி எந்தப் பக்கம் நிக்கறதுன்னு தெரியல. சீட்டுல இருந்தா, நான் இருக்கற எடமாவது எனக்குத் தெரியும். அதான் உக்காந்துட்டேன். நிக்கறவங்க எல்லாரும் என்னையவே பார்த்தாங்க. ஒரு வயசான அம்மா கம்பியப் புடிச்சுட்டு நின்னுட்டே வந்துச்சு. துண்டை எடுத்துட்டு உக்கார வெக்கலாம்னு கை போச்சு. எடுத்துட்டா, நீங்க மூணு பேரும் இனி வரமாட்டீங்கன்னு நானே சொல்ற மாதிரி ஆயிருமுன்னு எடுக்கல. அந்தம்மா என்ன நெனச்சுதோ."

படகு சத்தத்தில் நீங்கள் எங்களைக் கூப்பிட்டீர்கள், நாங்கள் எழுந்து வந்தோம்.

ஊருக்கு வந்து கொஞ்ச நாள் கழித்து, டியூப் எடுக்கச் சேலத்துக்குத் தனியாகக் கிளம்பினேன். மல்லசமுத்திரத்தில் ஏறும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. ரெண்டு பேர் உட்காருகிற சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். என்ன தோன்றியதோ, தோளில் இருந்த துண்டை எடுத்துப் பக்கத்து இடத்தில் போட்டேன். ஆட்டையாம்பட்டியில் கூட்டம் ஏறியது. கையில் கூடை வைத்திருந்த ஒரு அம்மா வந்து நின்று, "ஆள் வருதுங்களா?" என்று கேட்டார்.

"வருதுங்க" என்றேன்.

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் ஒருத்தர் எட்டிப் பார்த்தார். கண்டக்டரும் என்னைப் பார்த்தார். வண்டி நகர்ந்தது. ஆள் யாரும் வரவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. என் பின்கழுத்து சுட்டது. வெளியே பார்க்கவும் முடியவில்லை, உள்ளே பார்க்கவும் முடியவில்லை. துண்டின் மேல் கையை வைத்துக்கொண்டே இருந்தேன். அடுத்த நிறுத்தம் வரை கூட என்னால் முடியவில்லை. துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "நீங்க உக்காருங்கம்மா" என்றேன்.