சித்தி செய்த வாத்துக்குரல் பெட்டி

அம்மாவின் தங்கைக்கு ஈயம் உருக்கிச் சால்டர் வைக்கத் தெரிந்த அளவுக்குச் சப்பாத்தி இடத் தெரியாது. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டுத் திருநெல்வேலியிலிருந்து தில்லிக்கு வேலைக்கு வந்தவள், கோல் மார்க்கெட்டில் எங்கள் குவார்ட்டர்ஸில் தங்கியிருந்தாள். லீவு நாளென்றால் சாப்பாட்டு மேஜை எங்கள் இருவருக்கும்தான். ரெசிஸ்டர்களை நிறக்கோடு பார்த்துப் பொறுக்கிக் கொடுப்பது என் உத்தியோகம். மூன்றாம் வகுப்பிலேயே அதில் எனக்கு அப்படியொரு கர்வம்.

அந்த முறை அவள் வாங்கி வந்தது குரலைக் குழப்பும் கிட். இரண்டு போர்டுகள். ஒன்றில் பேசினால் மற்றதில் வாத்து கத்துவதுபோல் வரும். அதிலுள்ள ஸ்விட்சைப் போட்டால்தான் மறுபடி மனிதப் பேச்சாகும். யாராலும் ஒட்டுக்கேட்க முடியாதாம்.

"இந்த ஊர்ல தமிழ் பேசுனாலே ஒருத்தனுக்கும் புரியாது. இதுக்கு ஒரு மிஷின் வேற வேணுமாக்கும்!" என்றார் அப்பா.

காய்கறிக்காரர் எதிரிலேயே தமிழில் கலந்து பேசிவிட்டு, அவரிடம் இந்தியில் பேரத்தைத் தொடங்கும் குடும்பம் எங்களுடையது. ஆனால் வீட்டுக்குள் எல்லோருக்கும் தமிழ் புரியும். சித்தியின் கஷ்டமே அதுதான் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை கரோல் பாகிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகக்கூடாது என்று மாப்பிள்ளை வீட்டார் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். நல்ல இடம் என்று அப்பாவுக்கு ஒரே குஷி. "சரி அத்தான்" என்று மட்டும் சொன்னாள் சித்தி. எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு அப்பா பார்த்த இடத்தை வேண்டாமென்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

முந்தின நாள் கிட் முடிந்தது. சித்தி உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். நீள ஒயரின் இந்த முனையில், அடுக்களையில், ஸ்விட்சைப் போடாமல் நான்.

"புரியுதா?" என்று கதவுக்குப் பின்னாலிருந்து கத்தினாள்.

"பில்குல் புரியல சித்தி!"

"நெசமாவா?"

"காட் பிராமிஸ்!"

பிறகு வாத்து நிறையப் பேசியது. நடுவில் நின்றது. விக்கி விக்கி ஏதோ கரகரத்தது. மறுபடி தொடங்கி மறுபடி நின்றது. எனக்குச் சிரிப்புத் தாளவில்லை.

"சித்தி, எங்கியோ லூஸ் கனெக்‌ஷன்!"

மாவு பிசைந்துகொண்டிருந்த அம்மா கையை நிறுத்தினாள். "சும்மா இருட்டி" என்று என்னை அதட்டிவிட்டு, போர்டருகே குனிந்து கேட்டாள்.

"ஸ்விட்ச் போடட்டாம்மா?"

"வேண்டாம்."

மாவுக் கையோடு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு வாத்துகள் கேட்டன.

அன்று சாயங்காலம் அம்மா அப்பாவிடம், "அவளுக்கு இஷ்டமில்ல. போன் பண்ணி வரவேண்டாம்னு சொல்லிருங்க" என்றாள். அப்பா முணுமுணுத்துக்கொண்டே போன் செய்தார். கேசரிக்கு வாங்கிய ரவையை அந்த வாரம் முழுக்க உப்புமாவாகச் சாப்பிட்டோம்.

எனக்குத்தான் சித்தியை நினைத்துப் பாவமாக இருந்தது. எவ்வளவு உழைத்திருந்தாள்! மறுநாள் மெல்லச் சொன்னேன்: "மிஷின் வேஸ்ட் சித்தி. ஸ்விட்சே போடல, அம்மாவுக்கு எல்லாம் புரிஞ்சிருச்சு. அந்த லூஸ் கனெக்‌ஷன் வேற."

அவள் என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "அது நேத்தே சரியாயிட்டு மக்கா."

அவள் சால்டரைக் கையில் எடுத்ததையே நான் பார்க்கவில்லை. புதிதாகப் பற்றவைத்த இடம் எதுவென்று, போர்டைத் திருப்பித் திருப்பி அன்று முழுக்கத் தேடிக்கொண்டிருந்தேன்.