முதல் குடம் எங்களுடையது

ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் எனக்குக் கேப்டன் பைத்தியம் பிடித்தது. யானைக்கவுனியில் பழைய பேப்பர் கடையில் வேலை பார்த்த மாமா, அட்டை கிழிந்த ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து தந்திருந்தார். வெள்ளைக்காரன் எழுதிய சாகசக் கதை, தமிழில். தொப்பி வைத்த ஒரு கேப்டன் காட்டுக்குள் போகிறான். பின்னால் மூட்டை தூக்கிக்கொண்டு ஏகப்பட்ட ஆட்கள். கேப்டனின் நாய்க்குக்கூடப் பெயர் உண்டு, மூட்டை தூக்குகிறவர்களில் ஒருவருக்கும் கிடையாது. அது எனக்கு அப்போது உறுத்தவில்லை. திருவொற்றியூரில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு நானே கேப்டன் ஆனேன். தம்பியின் தலையில் தலையணையை ஏற்றி நடக்கவிட்டேன்.

தலைமை என்றால் என்ன என்பதை அந்தப் புத்தகம் ஐயம் திரிபறக் கற்றுத்தந்தது. கேப்டன் எல்லாருக்கும் முன்னால் நிற்பான். முதல் வாய்த் தண்ணீர் அவனுக்குத்தான். புது ஊருக்குள் நுழைந்தால் கூட்டத்தோடு பேசி நேரத்தை வீணாக்க மாட்டான். ஊர்த்தலைவனைத் தேடிப்பிடித்து முகம் பார்க்கும் கண்ணாடியும் பாசிமணியும் கொடுப்பான். தலைவன் மடங்கினால் ஊரே மடங்கிவிடும்.

அந்தக் கோடையில் தண்ணீர் லாரி எங்கள் பக்கம் வருவதையே மறந்திருந்தது. அத்தை பிள்ளை பெற்று எங்கள் வீட்டில் இருந்தாள். குழந்தையின் துணி அலசக்கூடத் தண்ணீர் இல்லை. அதற்கு உடம்பெல்லாம் வேர்க்குரு, ஓயாத அழுகை. ஒரு சாயங்காலம் அம்மா தெருத்தெருவாகப் போய்ப் பேசிவிட்டு வந்தாள். மறுநாள் காலையில் துறைமுகத்துக்குப் போகும் சாலையை மறித்துக் குடங்கள் வரிசையாக நின்றன.

எங்கள் ஊரில் குடம் இருந்தால் ஆள் இருப்பதாக அர்த்தம். வரிசையில் வைத்த குடத்தை யாரும் நகர்த்த மாட்டார்கள். முதல் குடம் எங்களுடையது, சிவப்புக் குடம். அங்கிருந்து தெருவுக்குப் பின் தெருவாக நீண்டு, கடைசிக் குடங்கள் கடலோரக் குப்பத்துப் பெண்களுடையவை. அவரவர் குடத்துக்குப் பக்கத்தில் அவரவர் உட்கார்ந்துகொண்டார்கள். கன்டெய்னர் லாரிகள் கண்ணுக்கு எட்டிய மட்டும் நின்றுபோயின.

ஜீப்பிலிருந்து இறங்கிய இன்ஸ்பெக்டர், இங்கே யார் தலைவி என்று கேட்டார். எல்லாரும்தான் என்றார்கள் பெண்கள். மறுபடி கேட்டார், மறுபடியும் அதே பதில். அம்மாவோ முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு தம்பிக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு மானமே போயிற்று. தலைவி என்றால் எழுந்து நிற்க வேண்டாமா? நான் எழுந்து, எங்கம்மாதான் சார் என்று கையைக் காட்டினேன். அம்மா முறைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது.

இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு எதிரே குந்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டார். உங்கள் தெருவுக்கு மட்டும் இப்போதே ஒரு லாரி வரவழைக்கிறேன், நீ குடத்தை எடுத்துக்கொண்டு எழுந்தால் மற்றவர்கள் தானாகக் கலைந்துவிடுவார்கள், அவர்களுக்கு நாளைக்குப் பார்க்கலாம் என்றார். புத்தகத்தில் படித்தது கண்முன்னால் நடக்கிறதே என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தக் கதையில் நாங்கள் எந்தப் பக்கம் என்று யோசிக்கத்தான் தோன்றவில்லை.

அம்மா குரலைத் தாழ்த்தவில்லை.

"மொதல்ல அந்தக் கடைசி கொடத்துக்கு ஊத்தச் சொல்லு சார். அங்கேந்து இப்டியே வரட்டும். எங்க கொடம் ரொம்புனா நானா எந்திரிக்கிறேன்."

அவர் வேனில் ஏற்றிவிடுவேன் என்று மிரட்டிப் பார்த்தார். குடத்தோடு ஏறுகிறோம் என்றாள் அம்மா. பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அவர் ஜீப்புக்குப் போய் வயர்லெஸ்ஸை எடுத்தார்.

தண்ணீர் லாரி வந்தது. குப்பத்து முனையிலிருந்துதான் ஊற்றத் தொடங்கினார்கள். ஒரு லாரி தீர்ந்து அடுத்தது வருவதற்குள் தாவு தீர்ந்தது. எனக்கு வயிறெரிந்தது. வீட்டில் குழந்தை கத்திக்கொண்டிருக்கும். முதல் குடத்தை வைத்திருந்தும் இவள் எங்களைக் கடைசியாக்கிவிட்டாளே.

"இன்னாமா, நம்ம கொடந்தான பஸ்ட்டு?" என்றேன்.

"கம்முனு குந்து" என்றாள்.

எங்கள் குடம் நிறையும்போது பொழுது சாய்ந்திருந்தது. அம்மாவுக்குத் தலைமை தாங்கத் தெரியவில்லை என்று நான் முடிவு கட்டிவிட்டேன். குப்பத்துப் பெண்கள்மேலும் எனக்கு எரிச்சல். அவர்களுடைய குடங்கள் எப்போதோ நிறைந்துவிட்டன. தூக்கிக்கொண்டு வீட்டைப் பார்க்கப் போக வேண்டியதுதானே? தளும்பும் குடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒருத்திகூட எழுந்திருக்காமல், எங்கள் குடத்தைப் பார்த்தபடி அத்தனை பேரும் ஏன் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை. வேறு வேலை இல்லாதவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.