மலைப்பாதையில் உயர்ந்த கைகள்

எண்பதுகளில், இலங்கையிலிருந்து வந்து நான் பாத்திரம் கழுவிய சுவிஸ் உணவகத்தின் முதலாளி, வழிகாட்டி ஒருவரோடு வேலையாட்கள் எங்களை மலை நடைக்குக் கூட்டிப்போனார். ரோமான்ஷ் மொழி பேசும் ஊர்ப்பக்கம் அது. ஒற்றையடிப் பாதையில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். வளைவில் சீருடையும் துப்பாக்கியுமாக இருவர் எதிரே வந்தார்கள். ஓட இடமில்லை. என் கைகள் தாமாகவே மேலே போயின.

அவர்களோ பள்ளத்தின் ஓரமாக ஒதுங்கி, "அலெக்ரா" என்று வணக்கம் சொல்லி எங்களுக்கு வழிவிட்டார்கள்.

"கையை இறக்கடா. பயிற்சிக்குப் போற பெடியள், ஒண்டும் செய்யமாட்டாங்கள்" என்றான், என்னோடு வேலை செய்த யாழ்ப்பாணத்துச் செல்வம்.

வெட்கத்தோடு திரும்பினேன். அவன் தன் அகதி அட்டையை நீட்டியபடியே நின்றான்.

அந்த அழகான மலையில் நாங்கள் இருவரும் இன்னும் இலங்கை ராணுவத்தின் ஆனையிறவுச் சோதனைச் சாவடியில்தான் நின்றிருந்தோம்.